ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடைச் சட்டங்கள்

ஒருமுறை மட்டும் பயன்படுத்திவிட்டுத் தூக்கி எறியப்படும் நெகிழிப் (பிளாஸ்டிக்) பொருட்களின் உற்பத்தி, இருப்பு, போக்குவரத்து, விற்பனை, பயன்பாடு ஆகியவற்றை முழுமையாகவோ பகுதியாகவோ தடுக்கும் சட்டங்களும் அரசாணைகளும் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழித் தடைச் சட்டங்கள் எனப்படுகின்றன. தமிழ்நாட்டில் 14 வகைப் பொருட்களுக்கான தடை 2019 ஜனவரி 1 முதலும், இந்தியா முழுவதற்குமான தடை 2022 ஜூலை 1 முதலும் நடைமுறையில் உள்ளன. வங்காளதேசம், கென்யா, இலங்கை, ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் முதலியவற்றிலும் இத்தகைய தடைகள் உள்ளன.

இச்சட்டங்கள் எல்லாவற்றிலும் முதலில் எழும் கேள்வி, எதைத் தடுப்பது, எதை விடுவது என்பதாகும். அந்த எல்லைக்கோடு எங்கே போடப்படுகிறது என்பதைப் பொறுத்தே சட்டத்தின் பயனும், அதன் சுமை யார் தலையில் விழுகிறது என்பதும் அமைகின்றன.

பொருள் வரையறை

ஒரே நோக்கத்துக்காக ஒருமுறை பயன்படுத்தப்பட்டு, பின்னர் அப்புறப்படுத்தவோ மறுசுழற்சிக்கு அனுப்பவோ படும் நெகிழிப் பொருள் என்று இந்திய விதிகள் இதனை வரையறுக்கின்றன. தூக்குப் பை, உறிஞ்சு குழல், தேநீர்க் குவளை, தெர்மாகோல் தட்டு, தண்ணீர் பாக்கெட் ஆகியன அன்றாட எடுத்துக்காட்டுகள்.

நெகிழி என்பது ஒரே பொருளன்று. தூக்குப் பைகள் பெரும்பாலும் பாலிஎத்திலீனால் ஆனவை. பேச்சு வழக்கில் பாலிதீன் என்கிறோம். தெர்மாகோல் என்பது காற்றூட்டி உப்பவைக்கப்பட்ட பாலிஸ்டைரீன். தண்ணீர் பாட்டில் பெட் எனப்படும் வேறொரு வகை நெகிழி. இவற்றை ஒன்றாகக் கலந்து உருக்கினால் தரமான பொருள் கிடைக்காது. பிரித்துச் சேகரித்தால்தான் மறுசுழற்சி செய்ய முடியும். சட்டத்தின் சிக்கல்களுக்கு இந்த வேறுபாடும் ஒரு காரணம்.

தடை தேவைப்பட்டதன் காரணம்

இந்திய நகரங்களில் மறுசுழற்சி என்பது பெருமளவுக்குக் குப்பை பொறுக்கும் தொழிலாளர்களையும் பழைய பொருட்கள் வாங்கும் காயலான் கடைகளையும் நம்பியே நடக்கிறது. அவர்களுக்குக் கூலி எடைக்கணக்கில் கிடைக்கிறது. ஒரு பாட்டில் 20 கிராம் என்று கொண்டால், 50 பாட்டில்களில் ஒரு கிலோ சேர்ந்துவிடும். ஒரு மெல்லிய பை 2 கிராம் என்று கொண்டால், ஒரு கிலோவுக்கு 500 பைகளைப் பொறுக்க வேண்டும். அவற்றிலும் பல சாம்பாரும் மண்ணும் ஒட்டியவை. அவற்றுக்கு விலை கிடைப்பதரிது. ஆகவே பாட்டில் பொறுக்கப்படுகிறது. பை தெருவிலேயே கிடக்கிறது.

அங்கே கிடக்கும் பை மழைநீரோடு வடிகாலை அடைத்துக்கொள்கிறது. உணவு மிச்சத்தோடு எறியப்பட்ட பையை மாடுகள் அப்படியே விழுங்குகின்றன. அது செரிக்காமல் வயிற்றில் சேர்ந்து உயிரையே பறிப்பதுண்டு. வெயிலில் காய்ந்து நொறுங்கும் நெகிழி மறைந்துபோவதில்லை. 5 மில்லிமீட்டருக்கும் குறைவான நுண்துகள்களாகி மண்ணிலும் நீரிலும் தங்குகிறது. திறந்தவெளியில் எரித்தால் நச்சுப்புகை எழுகிறது.

மைக்ரான் கணக்கு

தொடக்கத்தில் இந்தியாவின் மத்திய விதிகள் பைகளை முழுவதுமாகத் தடுக்கவில்லை. மெல்லிய பைகளை மட்டுமே தடுத்தன. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 50 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும்.

1999ஆம் ஆண்டு விதிகள் புதிய நெகிழியில் செய்த பைகளுக்குக் குறைந்தபட்சத் தடிமனாக 20 மைக்ரானை வைத்தன. அது 2011இல் 40 ஆகவும், 2016இல் 50 ஆகவும், 2021 செப்டம்பர் 30 முதல் 75 ஆகவும், 2022 டிசம்பர் 31 முதல் 120 ஆகவும் உயர்த்தப்பட்டது.

இந்தக் கணக்குக்குப் பின்னால் ஒரு தெளிவான எண்ணம் உண்டு. பை தடித்தால் எடை கூடும். பொறுக்குபவருக்குக் கூலி கட்டுபடியாகும். விலையும் கூடுவதால் கடைக்காரர் இலவசமாகக் கொடுக்கத் தயங்குவார். வாங்கியவர் எறிந்துவிடாமல் மீண்டும் பயன்படுத்துவார்.

நடைமுறையில் ஒரு தடங்கல் இருந்தது. 40 மைக்ரான் பையையும் 50 மைக்ரான் பையையும் கண்ணால் பார்த்து வேறுபடுத்த முடியாது. அதற்கென்று அளவுகருவி வேண்டும். காய்கறிக் கடைக்காரரிடம் அது இருக்காது. மொத்த வியாபாரி சொல்வதை நம்பித்தான் அவர் வாங்குகிறார். சோதனை வரும்போது அபராதம் கட்டுபவரும் அவரே. கோடு இருந்தும் அது எங்கே இருக்கிறது என்பது களத்தில் உள்ளவருக்குத் தெரியாத நிலை இது.

தமிழ்நாட்டின் தடை

மாநிலம் முழுவதற்குமான தடைக்கு முன்பே நீலகிரி மாவட்டம் வழிகாட்டியது. 2000களின் தொடக்கத்தில், சுப்ரியா சாகு மாவட்ட ஆட்சியராக இருந்தபோது, அங்கே நெகிழிப் பைகளுக்கு எதிரான இயக்கம் நடந்தது. மலைப்பாதைகளில் மாவட்டத்துக்குள் வருவோரைச் சோதனைச் சாவடிகளில் நிறுத்திப் பார்க்க முடிவது அம்மாவட்டத்துக்கு உள்ள வசதி.

2018 ஜூன் 5, உலகச் சுற்றுச்சூழல் நாளன்று, அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி க. பழனிசாமி சட்டமன்றத்தில் மாநிலம் தழுவிய தடையை அறிவித்தார். 1986ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தின் 5ஆம் பிரிவின்கீழ், சுற்றுச்சூழல் மற்றும் வனத்துறை 2018 ஜூன் 25 அன்று 84ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. வணிகர்களுக்கும் மக்களுக்கும் ஆறு மாத அவகாசம் தந்து, 2019 ஜனவரி 1 முதல் தடை நடைமுறைக்கு வந்தது.

தடை செய்யப்பட்ட 14 பொருட்கள்:

1. உணவுப் பொருட்களைக் கட்டும் நெகிழித் தாள்
2. உணவு மேசையில் விரிக்கும் நெகிழித் தாள்
3. தெர்மாகோல் தட்டு
4. நெகிழி பூசிய காகிதத் தட்டு
5. நெகிழி பூசிய காகிதக் குவளை
6. நெகிழித் தேநீர்க் குவளை
7. நெகிழி டம்ளர்
8. தெர்மாகோல் குவளை
9. தண்ணீர் பாக்கெட்
10. நெகிழி உறிஞ்சு குழல்
11. எந்த அளவிலும் தடிமனிலும் உள்ள நெகிழித் தூக்குப் பை
12. நெகிழி பூசிய தூக்குப் பை
13. நெய்யாத வகைத் தூக்குப் பை
14. நெகிழிக் கொடி

பதினோராவது இனம் கவனிக்கத்தக்கது. எந்தத் தடிமனாக இருந்தாலும் தடை என்று சொன்னதன் மூலம், மைக்ரான் கணக்கிலிருந்த குழப்பத்தைத் தமிழ்நாடு நீக்கியது. அளவுகருவி இல்லாத கடைக்காரரும் எது கூடாது என்பதை அறிய முடிந்தது.

பால், பால் பொருட்கள், எண்ணெய், மருந்து ஆகியவற்றின் உறைகளுக்கும், தொழிற்சாலையிலேயே பொருளோடு சேர்த்து மூடி முத்திரையிடப்படும் உறைகளுக்கும், தோட்டக்கலை நாற்றுப் பைகளுக்கும், தரச்சான்று பெற்ற மட்கும் பைகளுக்கும் அரசாணை விலக்களித்தது. இவற்றுள் தொழிற்சாலை உறைகளுக்கான விலக்கை 2020 ஜூனில் அரசு திரும்பப் பெற்றது. ஆயினும் நெகிழி உறையிட்ட பிஸ்கட், நொறுக்குத்தீனி பாக்கெட்டுகள் கடைகளில் தொடர்ந்து விற்கப்படுகின்றன.

காகிதக் குவளையும் நெய்யாத பையும்

தடைக்குப் பின் கடைகளில் இரண்டு பொருட்கள் பெருகின. ஒன்று காகிதக் குவளை. மற்றொன்று துணிபோல் தோன்றும் வண்ணப் பை. இரண்டுமே 14 பொருட்களின் பட்டியலில் உள்ளவைதான்.

வெறும் காகிதத்தில் தேநீர் ஊற்றினால் சற்று நேரத்தில் ஊறிக் கசிந்துவிடும். அதைத் தடுக்கக் குவளையின் உட்புறத்தில் மெல்லிய நெகிழிப் படலம் பூசப்படுகிறது. அந்தப் படலத்தைக் காகிதத்திலிருந்து பிரிப்பது சாதாரண காகித ஆலைகளுக்கு எளிதன்று. எனவே காகிதமாகவும் அது மறுசுழற்சிக்கு உதவுவதில்லை, நெகிழியாகவும் உதவுவதில்லை. நெய்யாத பையோ நூலால் நெய்யப்பட்டதன்று. பாலிபுரொப்பிலீன் என்னும் நெகிழியின் இழைகளைச் சூட்டால் ஒட்டிச் செய்யப்படுவது. கைக்குத் துணிபோல் இருந்தாலும் அது நெகிழியே.

தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் 2019 ஜூலையில் உறுதிசெய்தது. காகிதக் குவளை உற்பத்தியாளர் சங்கம் முதலியோர் உச்ச நீதிமன்றம் சென்றனர். 2023 ஜனவரி 20 அன்று வந்த தீர்ப்பில், நெகிழி பூசிய காகிதக் குவளைகளுக்கான தடை செல்லும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. நெய்யாத பைகளை மத்திய விதிகள் குறிப்பிட்ட கனத்துக்கு மேல் அனுமதிப்பதால், அதுபற்றி மீண்டும் ஆராயுமாறு மாநிலத்துக்குத் திருப்பி அனுப்பியது. ஒரு மாநிலம் மத்திய விதியைவிடக் கடுமையாக எதுவரை செல்லலாம் என்ற கேள்வி இவ்வழக்கில் அடங்கியிருந்தது.

அகில இந்தியத் தடை

2021 ஆகஸ்ட் 12 அன்று நெகிழிக் கழிவு மேலாண்மை விதிகளில் மத்திய அரசு திருத்தம் செய்தது. அதன்படி 2022 ஜூலை 1 முதல் கீழ்க்காணும் பொருட்கள் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டன: நெகிழிக் குச்சியுள்ள காதுக் குடைவான், பலூன் குச்சி, மிட்டாய்க் குச்சி, ஐஸ்கிரீம் குச்சி, நெகிழிக் கொடி, அலங்காரத் தெர்மாகோல், தட்டு, குவளை, டம்ளர், கரண்டி, முட்கரண்டி, கத்தி, உறிஞ்சு குழல், தாம்பாளம், கலக்கும் குச்சி, இனிப்புப் பெட்டி, அழைப்பிதழ், சிகரெட் பெட்டி ஆகியவற்றின்மேல் சுற்றும் படலம், 100 மைக்ரானுக்குக் குறைந்த பேனர்.

பயன் குறைவாகவும் குப்பையாகும் வாய்ப்பு மிகுதியாகவும் உள்ள பொருட்களை முதலில் தேர்ந்தெடுத்தது இப்பட்டியலின் அடிப்படை. தூக்குப் பைகளுக்கு மத்திய விதி இன்றும் தடிமன் கணக்கையே பின்பற்றுகிறது. தமிழ்நாட்டில் மாநிலத்தின் முழுத் தடை பொருந்தும்.

பட்டியலில் இல்லாத சிறு பாக்கெட்

குட்கா, புகையிலை, பான் மசாலா ஆகியவற்றை நெகிழிப் பாக்கெட்டில் அடைப்பதை இந்திய விதிகள் தடுக்கின்றன. ஷாம்பு, ஊறுகாய், சலவைத்தூள் முதலியவற்றின் சிறு பாக்கெட்டுகள் தடைப்பட்டியலில் இல்லை.

சிறு பாக்கெட்டில் ஷாம்பு விற்கும் முறையின் முன்னோடியாகக் கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் குறிப்பிடப்படுகிறார். பாட்டில் வாங்க வசதியற்றவரும் சில்லறைக் காசுக்கு ஒருநாள் தேவையை வாங்கிக்கொள்ளலாம் என்பதே அதன் வலிமை. அன்றாடக் கூலி பெறும் குடும்பத்துக்கு இது ஒரு வசதி. ஆனால் பல அடுக்குப் படலங்களால் ஆன அந்தப் பாக்கெட்டைப் பிரித்து மறுசுழற்சி செய்வது கடினம். சில மில்லிலிட்டர் ஷாம்புக்காக உருவான உறை நெடுங்காலம் மண்ணில் கிடக்கிறது.

இத்தகைய உறைகளுக்கு இந்தியா தடைக்குப் பதில் வேறு வழியைக் கையாள்கிறது. உற்பத்தியாளரின் நீட்டிக்கப்பட்ட பொறுப்பு என்பது அதன் பெயர். சந்தைக்கு எவ்வளவு உறை அனுப்பினாரோ அதற்கேற்பத் திரட்டி மறுசுழற்சி செய்விக்கும் கடமை நிறுவனத்துக்கு உண்டு. இதற்கான விரிவான வழிகாட்டு நெறிகள் 2022 பிப்ரவரியில் வெளியாயின. நிறுவனங்கள் மறுசுழற்சிச் சான்றிதழ்களை வாங்கிக் கணக்குக் காட்டலாம். அதனால், காட்டப்படும் கணக்குக்கும் உண்மையில் திரட்டப்படும் கழிவுக்கும் இடையே பொருத்தம் இருக்கிறதா என்று சரிபார்ப்பதே இம்முறையின் உயிர்நாடி.

பிற நாடுகளின் வழிகள்

வங்காளதேசம்: 1988, 1998 ஆண்டுகளின் பெருவெள்ளங்களில் வடிகால்களைப் பைகள் அடைத்ததால் எழுந்த கவலை தடைக்கு வித்திட்டது. 2002இல் மெல்லிய பாலிதீன் பைகளை நாடு முழுவதும் தடை செய்த முதல் நாடு இதுவே. கண்காணிப்பு தளர்ந்ததால் பைகள் மீண்டும் புழக்கத்துக்கு வந்தன. 2024இல் அரசு தடையை மறுபடியும் நடைமுறைப்படுத்த முனைந்தது.

அயர்லாந்து: 2002 மார்ச்சில் தடைக்குப் பதிலாகப் பை ஒன்றுக்கு 15 சென்ட் வரி விதித்தது. கடைக்காரர் அதை வாடிக்கையாளரிடம் கட்டாயம் வசூலிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒருவருக்கு 328ஆக இருந்த பைகளின் எண்ணிக்கை ஏறத்தாழ 21ஆகக் குறைந்தது. அந்தப் பணம் சுற்றுச்சூழல் நிதிக்குச் சென்றது.

கென்யா: 2017 ஆகஸ்ட் 28 முதல் தூக்குப் பைகளைத் தடை செய்தது. மீறினால் 4 ஆண்டு வரை சிறை அல்லது 40 லட்சம் ஷில்லிங் வரை அபராதம். உலகின் மிகக் கடுமையான தடைகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது.

இலங்கை: 2017 ஏப்ரல் 14 அன்று கொழும்புக்கு அருகே மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அதே ஆண்டு செப்டம்பரில் உணவு பொதியும் தாள், 20 மைக்ரானுக்குக் குறைந்த பாலிதீன், உணவுக்கான தெர்மாகோல் பெட்டி ஆகியவை தடை செய்யப்பட்டன. 2021இல், உணவும் மருந்தும் நீங்கலாக, 20 மில்லிலிட்டர் அல்லது அதற்குக் குறைந்த சிறு பாக்கெட்டுகளும் தடைக்குள் வந்தன. இந்தியப் பட்டியல் தொடாத இடம் இது.

ஐரோப்பிய ஒன்றியம்: 2021 ஜூலை 3 முதல் உறிஞ்சு குழல், தட்டு, கரண்டி, காதுக் குடைவான் முதலியன தடை செய்யப்பட்டன. 2024 ஜூலை முதல் 3 லிட்டர் வரையிலான பானப் பாட்டில்களின் மூடி பாட்டிலோடு ஒட்டியே இருக்க வேண்டும். சிறு துண்டு தனியே பிரிந்தால் அது திரும்பச் சேராது என்பதே காரணம்.

தண்டனை யார்மேல்

சுற்றுச்சூழல் (பாதுகாப்பு) சட்டத்தை மீறினால் முன்பு 5 ஆண்டு வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். 2023ஆம் ஆண்டின் ஜன் விஸ்வாஸ் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. 2024 ஏப்ரல் முதல் 10,000 முதல் 15 லட்சம் ரூபாய் வரையிலான பணத் தண்டனை அதன் இடத்துக்கு வந்தது. தமிழ்நாட்டில் இதற்கெனத் தனி அபராதங்களும் உண்டு. 2019 ஜூனிலிருந்து உள்ளாட்சி அமைப்புகள் அவற்றை விதித்து வருகின்றன.

ஒரு பை கடைக்கு வந்துசேரும் பாதையில் மூலப்பொருள் ஆலை, பை செய்யும் கூடம், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, வாங்குபவர் என ஐந்து படிகள் உள்ளன. மேல்படிகளில் ஆட்கள் குறைவு. ஒரு கூடத்தை நிறுத்தினால் பல்லாயிரம் கடைகளுக்குப் பை செல்வது நிற்கும். கீழ்ப்படிகளில் ஆட்கள் ஏராளம். ஆனால் சோதனைக்கு எளிதில் அகப்படுபவர் அவர்களே. தள்ளுவண்டிப் பூக்காரர் நூறு ரூபாய் அபராதம் கட்டினால் அன்றைய வரும்படியில் பெரும்பகுதி போய்விடும். பை வராமல் தடுக்கும் ஆற்றலும் அவரிடம் இல்லை. பை கொடுக்காவிட்டால் வாடிக்கையாளர் அடுத்த வண்டிக்குப் போவார் என்ற அச்சமும் உண்டு. மேலும், தமிழ்நாட்டில் கூடத்தை மூடினாலும் வேறு மாநிலத்திலிருந்து சரக்கு வந்துசேர முடியும். ஆகவே உற்பத்தியிடம், கிடங்கு, மாநில எல்லை ஆகியவற்றில் நடக்கும் கண்காணிப்பே தடையின் உண்மையான அளவுகோல்.

மாற்றுப் பொருட்கள்

2021 டிசம்பர் 23 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தைத் தொடங்கிவைத்தார். துணிக்கடைகளிலும் திருமணத் தாம்பூலத்திலும் மஞ்சள் துணிப்பை கொடுப்பது தமிழ்நாட்டில் நெடுநாள் வழக்கம். இடையில் மஞ்சப்பையோடு வருபவரைப் பட்டிக்காட்டார் என்று கேலி செய்யும் காலமும் வந்தது. கேலிக்குரியதாகிப்போன ஒரு பொருளுக்கு மதிப்பை மீட்டுத் தருவது இவ்வியக்கத்தின் நோக்கம். சென்னை கோயம்பேடு சந்தை போன்ற இடங்களில் 10 ரூபாய் போட்டால் துணிப்பை தரும் இயந்திரங்கள் வைக்கப்பட்டன.

துணிப்பைக்கும் ஒரு விலை உண்டு. பருத்தி விளைவிக்க நிறைய நீர் வேண்டும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் அமைப்பு 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, வெப்பமயமாதல் என்ற ஒரு நோக்கில் மட்டும் பார்த்தால், சாதாரண பருத்திப் பையைக் குறைந்தது 52 முறை பயன்படுத்தினால்தான் அது நெகிழிப் பையைவிட மேலானதாகும். நீர் முதலிய பிற பாதிப்புகளையும் சேர்த்தால் எண்ணிக்கை பல மடங்கு உயரும். அந்த ஆய்வு, குப்பையாக எறியப்படும் பை விளைவிக்கும் கேட்டைக் கணக்கில் கொள்ளவில்லை. எப்படியாயினும், வீட்டில் பத்துத் துணிப்பைகள் மடித்துக் கிடக்க, கடையில் பதினோராவதை வாங்குவது சட்டத்தின் நோக்கத்துக்கு உதவாது.

வாழையிலை, தாமரையிலை, மந்தாரை இலை, பாக்குமட்டைத் தட்டு, எவர்சில்வர் டம்ளர், தூக்குவாளி ஆகியவை பழக்கத்தில் உள்ள மாற்றுகள். மட்கும் நெகிழி என்று விற்கப்படும் பைகள் உரிய வெப்பமும் ஈரமும் கொண்ட உரக்கூடங்களில்தான் எதிர்பார்த்தபடி மட்கும். தெருவோரத்தில் எறிந்தால் மட்கிவிடும் என்பது தவறான நம்பிக்கை.

முன்பணம் வாங்கித் திருப்பித் தரும் முறை மற்றொரு வழி. நீலகிரியில் உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 மே முதல் டாஸ்மாக் மதுப்புட்டிகளுக்கு 10 ரூபாய் கூடுதலாக வாங்கி, காலிப் புட்டியைக் கொடுத்தால் அத்தொகை திருப்பித் தரப்படுகிறது. இது கண்ணாடிக்கான திட்டம். ஆயினும் குப்பைக்கு ஒரு விலை வைத்துவிட்டால் அது தெருவில் கிடப்பதில்லை என்ற பாடம் நெகிழிக்கும் பொருந்தும்.

மதிப்பீடு

தடைச் சட்டங்களால் பயனில்லை என்று சொல்வதும், தடை வந்ததால் சிக்கல் தீர்ந்தது என்று சொல்வதும் ஒருபக்கப் பார்வையே. தமிழ்நாட்டில் தடைக்குப் பின் பல உணவகங்களில் பாத்திரம் கொண்டுவந்து வாங்கும் வழக்கம் திரும்பியது. துணிக்கடைகள் துணிப்பைக்கும் காகிதப்பைக்கும் மாறின. அதே நேரத்தில் காய்கறிச் சந்தையிலும் பூக்கடையிலும் மெல்லிய பைகள் இன்றும் கண்ணில் படுகின்றன.

மேலே கண்டவற்றைத் தொகுத்தால், நல்ல தடைக்கு மூன்று இயல்புகள் தேவை என்பது புலப்படும். எது தடை என்பது கருவியின்றி எவருக்கும் தெரியவேண்டும். தடைக்குமுன் மாற்றுப்பொருள் ஏழைக்கும் எட்டும் விலையில் கிடைக்கவேண்டும். தண்டனை மேல்படியிலிருந்து தொடங்கவேண்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் சட்டத்தின் சுமை சிறு வணிகர்மேல் இறங்கிவிடும்.

விலக்களிக்கப்பட்ட பொருட்களைப் பொறுத்தவரை, பயன்படுத்துபவரின் கையிலும் ஒரு பங்கு உள்ளது. பால் பாக்கெட் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மூலையைத் தனியே வெட்டி எடுத்தால், அந்தச் சிறு முக்கோணத்தைப் பொறுக்குவார் யாருமில்லை. துண்டாகாமல் பாதி வெட்டி, பாலை ஊற்றி, உறையைக் கழுவிக் காயவைத்துச் சேர்த்தால் முழு உறையும் பழைய பொருள் கடைக்குப் போகும். தடை தொடாத அந்த உறை கடைக்குப் போகுமா, கால்வாய்க்குப் போகுமா என்பது கத்தரிக்கோல் எந்த இடத்தில் நிற்கிறது என்பதைப் பொறுத்தது.